எஞ்சினுக்கு மூச்சும் உணவும்



மோட்டார் வண்டியின் வேகத்தைப் புகழ்வோர் பலர். அந்த வேகத்துக்கு வேண்டிய பெட்ரோல், தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எவ்வாறு போய்ச் சேருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. வலிமை மிகுந்த எஞ்சின் ஒன்றை வேறொரு வண்டியில் பொருத்தும்போது இந்தப் பெட்ரோல் வழியை எவ்வாறு திருத்தி அமைக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எஞ்சின் பெட்ரோலை உண்கிறது, காற்றைச் சுவாசிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். புகையாக வெளியேறும் வாயுவின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் உதவியால் மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்று கண்டவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. 1905-ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று நாம் டர்போசார்ஜர் என்று அழைக்கும் கருவி.

காற்று மிகுந்தால் பெட்ரோலும் அதற்கேற்ப மிகவேண்டும். மிகாவிட்டால் என்ன நேரும்? கலவை மெலிகிறது, சிலிண்டருக்குள் வெப்பம் ஏறுகிறது, பொறியிலிருந்து புறப்பட்ட சுவாலை சென்று சேருமுன்பே கலவையின் எஞ்சிய பகுதி தானாகவே வெடிக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். இது நீடித்தால் பிஸ்டனின் தலை துளைபட்டுப் போகும். மெதுவாக ஓட்டும்வரை இக்குறை வெளியே தெரிவதில்லை. முழு வேகத்தில் செல்லும்போதுதான் அது தலைகாட்டுகிறது. சில விநாடிகளில் எஞ்சினை அழித்தும் விடுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1989 முதல் நிஸான் 240எஸ்எக்ஸ் என்ற வண்டி விற்பனையாயிற்று. அதில் இருந்தது டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சின். அதே குடும்பத்தைச் சேர்ந்த சில்வியா வண்டிக்கு ஜப்பானில் 1991 முதல் எஸ்ஆர்20டெட் என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின் கிடைத்தது. அதன் ஆற்றல் 205 குதிரைத் திறன். ஆகவே அமெரிக்க இளைஞர் பலர் ஜப்பானிய எஞ்சினை வரவழைத்துத் தங்கள் வண்டியில் பொருத்தலாயினர். அதோடு அவர்கள் ஆசை அடங்கவில்லை. 300 குதிரைத் திறன் வேண்டும் என்றனர்.

இங்கேதான் காகிதமும் பென்சிலும் தேவைப்படுகின்றன. டர்போ எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது, ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் செலவாகும் என்று கொள்வோம். 300 குதிரைத் திறனுக்கு 81 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவாதலால், மணிக்கு 108 லிட்டர். நிமிடத்துக்கு 1,800 கன சென்டிமீட்டர். நான்கு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் 450 தரவேண்டும். இன்ஜெக்டரை இடைவிடாது திறந்தே வைத்தல் தகாது. நூற்றுக்கு எண்பது பங்கு நேரமே திறக்கலாம் என்றால், 560 அளவுள்ள இன்ஜெக்டர் வேண்டும். அந்த எஞ்சினோடு வந்ததோ 370 அளவுள்ளது. பற்றாக்குறை எவ்வளவு என்பது இப்போது விளங்கும்.

அழுத்தத்தைக் கூட்டிப் பழைய இன்ஜெக்டரையே பயன்படுத்தலாகாதோ என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் பெர்னூலியின் விதி அதற்கு விடை தருகிறது. பாயும் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாய்ச்சலை இரட்டிப்பாக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும்! பம்பும் குழாய்களும் அதைத் தாங்கா.

இவ்விதி இன்னொன்றையும் உணர்த்துகிறது. பெட்ரோல் குழாயில் 3 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. டர்போவோ காற்றுப் பாதையில் 1 வளிமண்டல அழுத்தத்தை ஏற்றி எதிர்த்துத் தள்ளுகிறது என்போம். எஞ்சுவது 2 மட்டுமே. பெட்ரோல் அதிகம் வேண்டிய அதே நேரத்தில் அதன் பாய்ச்சல் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குறைந்துவிடும். ஆகையால் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை ஒரு சிறு குழாயால் காற்றுப் பாதையோடு இணைக்கிறார்கள். காற்றழுத்தம் ஏறும் அளவுக்குப் பெட்ரோல் அழுத்தமும் ஏறும்.

அப்பொழுது பம்ப் 4 வளிமண்டல அழுத்தத்தில் வேலை செய்தாக வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு குறையும். எனவே பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பிப் பம்பை வாங்குதல் கூடாது. நமக்கு வேண்டிய அழுத்தத்தில் அது எவ்வளவு தரும் என்பதையே பார்க்க வேண்டும். பழைய மெல்லிய மின்கம்பியும் ஓர் இடையூறு. அதன் வழியே வோல்ட் குறைந்தால் நல்ல பம்பும் சோர்ந்துவிடும். பாட்டரியிலிருந்து ரிலே மூலம் தடித்த கம்பி கொண்டுவருதல் நலம்.

பெரிய இன்ஜெக்டரைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அதைத் திறந்து மூடும் கணிப்பொறிக்கு மாற்றம் நேர்ந்தது தெரியாது. பழைய கணக்கின்படியே திறந்தால் பெட்ரோல் மிகுதியாகக் கொட்டும், கரும்புகை எழும், சிலிண்டர்ச் சுவரில் படிந்த எண்ணெய் கழுவப்பட்டு உராய்வு மிகும். ஆகவே கணிப்பொறியின் அட்டவணையைத் திருத்தி, புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளந்து, கலவையைச் சோதித்த பின்னரே முழு வேகம் காணவேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கார்புரேட்டருக்கென்று செய்த மெல்லிய ரப்பர்க் குழாயை இந்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தலாகாது. வெளிப்புறக் குழாயைத் தொட்டிக்குள் மூழ்க வைப்பதும் தவறு. அதற்கென்றே செய்த குழாய் உண்டு. இணைப்பொன்று நெகிழ்ந்து, செந்தணலாய்ச் சுடும் டர்போவின்மீது பெட்ரோல் பீச்சினால் வண்டி தீக்கிரையாகும். ஓட்டுபவர் உயிருக்கும் ஆபத்து. ஓடுமுன் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் சோதியுங்கள்.

தொட்டி, பம்ப், வடிகட்டி, குழாய், ரெகுலேட்டர், இன்ஜெக்டர், கணிப்பொறி ஆகிய ஏழும் ஒரே சங்கிலி. இவற்றுள் ஒன்று நலிந்தாலும் மற்ற ஆறும் இருந்து பயனில்லை. உங்களுள் எவரேனும் நாளை பட்டறையில் நிற்க நேர்ந்தால், ஸ்பானரை எடுக்குமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.