நூல்களை ஊரெங்கும் வழங்கும் வழி

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்னும் ஆய்வு நூலகம் உள்ளது. ஆசிரியப் பணி புரிந்த கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் அதனை உருவாக்கினர். அங்கே சேர்ந்துள்ள நூல்கள் ஓர் இலட்சத்திற்கும் மேலாகும். மணமேல்குடி மாணவர் ஒருவர் அத்தகைய நூலொன்றைக் காணப் பேருந்தேறி வருதல் வேண்டும். அது மின்வடிவம் பெற்று வட்டில் சேர்ந்துவிட்டால் மட்டும் அவர் இருக்குமிடத்தை எட்டிவிடுமா? எட்டாது. கேட்பவர்க்கு எடுத்துக் கொடுப்பார் ஒருவர் வேண்டும் அன்றோ? அப்பணியைச் செய்யும் நிரலே இணைய வழங்கி எனப்படும்.

முதல் இணைய வழங்கியை டிம் பெர்னர்ஸ் லீ என்பார் 1990ஆம் ஆண்டின் இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் இயக்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை இணையத்தில் அளிக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்.

வழங்கியை முகப்பில் அமர்ந்த நூலகர் என்று கொள்க. நூல்கள் நிறைந்த கிடங்கு, கம்பியால் இணைந்த வேறொரு கணிப்பொறியில் இருக்கலாம். அதுவே பிணைய வட்டு. நூல்கள் பெருகினால் கிடங்கை மட்டும் விரித்துக்கொள்ளலாம்.

இங்கே இடர்கள் இரண்டு உண்டு. விண்டோஸ் கணிப்பொறியில் பிணைய வட்டுக்கு ‘இசட்’ என்பது போன்ற எழுத்தொன்றைப் பெயராக இடுகிறோம். அப்பெயர் அதனை இட்டவருடைய கணக்கிற்கே உரியது. வழங்கியோ வேறொரு கணக்கில் இயங்குவது. ‘மாமா வீடு’ என்று உறையின்மேல் எழுதினால் தபால்காரர்க்கு விளங்குமா? ஆதலின் கணிப்பொறியின் பெயரும் கோப்புறையின் பெயரும் அடங்கிய முழு முகவரியை வழங்கிக்குத் தருதல் வேண்டும்.

மற்றொன்று உரிமை பற்றியது. வழங்கியின் கணக்கிற்குக் கிடங்கில் படிக்கும் உரிமை வேண்டும். எழுதவும் அழிக்கவும் உரிமை கூடாது. கோப்பு கிடைக்காவிடின் வழங்கி 404 என்றும், தர அனுமதி இல்லாவிடின் 403 என்றும் விடை கூறும். 403 கண்டு சலித்து வட்டு முழுவதையும் திறந்து வைப்பவர் உளர். பள்ளியொன்றில் அவ்வாறு செய்தால், நூல்களோடு மாணவர்தம் மதிப்பெண் பட்டியலும் வீட்டு முகவரியும் உலகிற்குச் சென்றுவிடும். எனவே நூல்களுக்கெனத் தனிக் கோப்புறை வகுத்து, அதனை மட்டுமே திறந்து வையுங்கள். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடவாத நூலாயின், உரிமையுடையாரின் இசைவு பெறுங்கள். எல்லாவற்றிற்கும் ஒரு படியை வேறிடத்தில் காத்து வையுங்கள். வட்டும் ஒருநாள் பழுதாகும்.

இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளியிலுள்ள பழைய கணிப்பொறிகள் இரண்டே தொடங்கப் போதும். உங்கள் ஊர்ப் பழைய மலரொன்றை முதலில் ஏற்றிப் பாருங்கள்.