கார் கூரையில் கயாக்: கட்டுவதற்கு முன்னால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை ஏன் பேச அழைத்தார் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் பேஸ்மென்ட் சரிவில் ஸ்பிரிங்ளர் குழாயை இடித்த மஞ்சள் கயாக் என்னுடையதுதான். குழாய்ச் செலவைக் கட்டிவிட்டேன், காவலாளி அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கயாக் புதிதாக வாங்கியிருந்தேன். காரின் கூரையில் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் நீளமாக ரெயில் இருக்கிறது அல்லவா, அதில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய நைலான் கயிற்றால் படகைக் கட்டினேன். முடிச்சு நன்றாகவே போட்டேன். முட்டுக்காட்டில் துடுப்புப் போட்டுவிட்டு ஈ.சி.ஆரில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வேகம் 80 இருக்கும். எதிரே ஒரு பேருந்து கடந்தது. தலைக்கு மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம். படகின் மூக்கு எழுந்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ரெயிலின் முன்முனைதான் கூரையிலிருந்து பிய்ந்து வந்திருந்தது. பின்கயிறு ஒன்றில்தான் படகு தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. அவர் கொஞ்சம் இடைவெளி விட்டு வந்ததால் பிரேக் போட்டு நின்றுவிட்டார். என்னைத் திட்டவில்லை. “பாத்துக் கட்டுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அன்று இரவுதான் காரின் கையேட்டை முதல்முறையாகத் திறந்தேன். அந்த ரெயில் அலங்காரத்துக்கு மட்டும், அதில் பாரம் ஏற்றாதீர்கள் என்று தெளிவாகவே போட்டிருந்தது. நம் ஊரில் விற்கும் பல கார்களில் இப்படித்தான். பார்க்க ரெயில் மாதிரி இருக்கும், உள்ளே பிளாஸ்டிக்கும் பசையும் கிளிப்பும்தான். சில கார்களில் மட்டும் உண்மையாகவே உலோக ரெயிலைக் கூரைச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கையேடுதான் சொல்லும்.

பழைய அம்பாசடர் கார்களில் இந்தச் சிக்கல் இல்லை. கூரையைச் சுற்றி மழைநீர் ஓட ஒரு விளிம்பு இருக்கும், கேரியரின் காலை அதில் மாட்டி முறுக்கினால் போதும். கல்யாணச் சாமான் மொத்தத்தையும் அதில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாம். இன்றைய கார்களில் அந்த விளிம்பு கிடையாது. அதனால்தான் ரேக்கின் கால் எதைப் பிடிக்கிறது என்பது முதல் கேள்வியாகிவிட்டது. பாரம் தாங்கும் ரெயில் இருந்தால் அதைப் பிடிக்கும் கால். ரெயில் இல்லாவிட்டால், கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகை. இது ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனி அளவில் வரும். அடுத்த வீட்டுக்காரர் காரிலிருந்து கழற்றி மாட்டினால் உட்காராது, உட்கார்ந்த மாதிரி மட்டும் இருக்கும். சில கார்களில் கூரையின் ரப்பர் பட்டைக்கு அடியில் போல்ட் போடவென்றே துளை விட்டிருப்பார்கள். அது இருந்தால் அதுதான் உறுதி. கதவு வழியாகப் பட்டை விட்டுக் கட்டும் மெத்தை ரேக்கும் கிடைக்கிறது. பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போகலாம். மழை பெய்தால் பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து உங்கள் மடியில் சொட்டும்.

அடுத்தது எடைக் கணக்கு. என் காரின் கூரைக்கு அனுமதி 50 கிலோ. இது படகுக்கு மட்டுமான எடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, ரேக்கையும் சேர்த்துத்தான். குறுக்குக் கம்பி இரண்டும் கால்களும் 6 கிலோ. படகு உட்காரும் தொட்டில் 4 கிலோ. மீதி 40. என் ஒற்றை ஆள் கயாக் 24 கிலோ. இன்னொன்றை ஏற்றினால் 58 ஆகிவிடும். அதனால் என் காரில் ஒரு படகுதான். இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் சிலது 35 கிலோவைத் தாண்டும், வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காருக்கு ஒரு வரம்பு, ரேக்குக்கு ஒரு வரம்பு என்று தனித்தனியாக இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

படகின் நீளத்தையும் காரை வைத்தே முடிவு செய்யுங்கள் என்பேன். 3 மீட்டர் கயாக் நம் சின்னக் கார்களின் நீளத்துக்குள் அடங்கிவிடும். நாலேகால் மீட்டர் படகு முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு நிற்கும். பாரம் வண்டியின் உடலைத் தாண்டி வரம்பு மீறி நீட்டினால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். அந்தப் பணத்தில் நல்ல ரேக்குக்குப் பெரும்பகுதி வந்துவிடும்.

கட்டும் முறைக்கு வருகிறேன். நைலான் கயிறு வேண்டாம். நனைந்தால் நைலான் நீளும். வீட்டில் இறுக்கிக் கட்டியது தண்ணீர் பட்டதும் தளர்ந்துவிடும், நாமோ கயாக்கை நனைத்துத்தான் திரும்ப ஏற்றுகிறோம். பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். பக்கிளில் இரண்டு வகை உண்டு. கையால் இழுத்து இறுக்கும் பல் பக்கிள் போதும். லாரிகளில் பார்க்கும், நெம்பி நெம்பி இறுக்கும் ரேட்சட் வகை வேண்டாம். அதன் பலம் நம் கைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் படகு நம் ஊர் வெயிலில் இளகியிருக்கும் நேரத்தில் அதைப் போட்டு இறுக்கினால் அடிப்பாகம் குழி விழுந்துவிடும்.

முன்கம்பிக்கு ஒரு பட்டை, பின்கம்பிக்கு ஒரு பட்டை. பட்டையைப் படகின் மேல் போட்டு, கம்பிக்கு அடியில் கொண்டுபோய், மறுபடி மேலே கொண்டுவந்து பக்கிளில் சேர்க்க வேண்டும். பக்கிளுக்கு அடியில் ஒரு துணி மடித்து வைத்தால் கார் பெயின்ட் தப்பிக்கும். மிச்சப் பட்டையைத் தொங்க விடாமல் சுற்றிக் கட்டிவிடுங்கள். பட்டையில் ஒரே ஒரு முறுக்குக் கொடுத்தால் வழியெல்லாம் ‘ங்ங்ங்’ என்று இரையாது. முடித்ததும் படகைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். படகோடு சேர்ந்து கார் ஆட வேண்டும். படகு மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை.

இதோடு மூக்கிலிருந்து முன்பக்கத்துக்கும் வாலிலிருந்து பின்பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு கயிறு வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். நடுக்கட்டு இரண்டும் ரேக்கை நம்பி இருப்பவை. ரேக்கே கூரையை விட்டுக் கழன்றால் படகை வண்டியோடு பிடித்து வைப்பது இந்த இரண்டு கயிறுகள் மட்டும்தான். அன்று என்னிடம் மூக்குக் கயிறு இருந்திருந்தால் படகு அப்படித் திரும்பியிருக்காது. பம்பர் பிளாஸ்டிக், அதில் கட்டாதீர்கள். முன்னால் இழுவைக் கொக்கியைத் திருகி மாட்ட ஓர் இடம் இருக்கும், கொக்கி ஸ்டெப்னி பக்கத்தில் உள்ள கருவிப் பையில் கிடக்கும். கயிற்றைத் தொய்வில்லாமல் கட்டினால் போதும். வில்லில் நாண் ஏற்றுகிற மாதிரி இழுத்தால் படகு வளையும்.

கிளம்பி ஐந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். நான் இப்போது 70க்கு மேல் போவதில்லை. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 70இல் இருப்பதைவிட 100இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிற்பகல் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பாலத்தின் மேல் இதைக் கையிலேயே உணரலாம். வேலை முடிந்ததும் ரேக்கை நல்ல தண்ணீரில் கழுவிக் கழற்றி வையுங்கள். உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்தால் அடுத்த முறை இறுக்கியது இறுகியதா என்றே தெரியாது. சும்மா மாட்டி வைத்தால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

கயாக் இல்லாதவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வீடு மாறும்போது மெத்தையைக் கூரையில் போட்டு, ஜன்னல் வழியாகக் கையால் பிடித்துக்கொண்டு போகிறோமே, அது கயாக்கைவிட ஆபத்து. எடை குறைவு, பரப்பு அதிகம். அடியில் காற்றுப் புகுந்தால் பாய்மரம் மாதிரி தூக்கும், கையால் பிடித்து நிற்காது. குட்டி யானை ஒன்றைக் கூப்பிட்டுவிடுங்கள்.

கடைசியாக நம் பேஸ்மென்ட். குழாய் இடித்த பிறகு டேப் வைத்து அளந்தேன். சரிவு முடியும் இடத்தில் உத்தரம் 2.15 மீட்டர், அதற்குக் கீழே ஓடும் குழாய் 2.05. என் கார் 1.53, ரேக் 10 சென்டிமீட்டர், படுக்க வைத்த படகு 36. கூட்டினால் 1.99, ஆறு சென்டிமீட்டர் மிச்சம் என்று காகிதத்தில் வரும். ஆனால் முன்சக்கரம் தரையிலும் பின்சக்கரம் சரிவிலும் இருக்கும் நேரத்தில் படகின் வால் மேலே ஏறுகிறது. அங்கேதான் இடித்தது. படகைச் சாய்த்து நிறுத்தும் வளைந்த தொட்டில் வைத்திருப்பவர்களுக்கு உயரம் இன்னும் கூடும், அவர்கள் முயன்றே பார்க்க வேண்டாம்.

எனவே சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. கூரையில் பாரம் உள்ள எந்த வண்டியும் பேஸ்மென்டுக்குள் வராமல், விசிட்டர் பார்க்கிங்கில் நிறுத்தி ஏற்றி இறக்க ஓர் இடம் குறித்துக் கொடுங்கள். சரிவின் வாயில் 1.90 மீட்டர் உயரத்தில் சங்கிலியில் ஒரு பி.வி.சி. குழாய் தொங்க விடுங்கள். இடித்தால் அதில் இடிக்கட்டும். அந்தச் செலவை கயாக் வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொள்கிறோம், பேசிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு விசிட்டர் பார்க்கிங்கில் என் காரோடும் படகோடும் நிற்பேன். கட்டிப் பழக விரும்புகிறவர்கள் வரலாம். வரும்போது உங்கள் காரின் கையேட்டைக் கையில் எடுத்து வாருங்கள். டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும்.