கிளை நகர்கிறது, யாரைக் கேட்டு?



வங்கிக் கிளையைப் "பக்கத்து ஊருக்குத்தானே மாற்றுகிறோம், மூன்று கிலோமீட்டர்தான்" என்பார்கள். அந்த மூன்று கிலோமீட்டர் யார் தெரு வழியாகப் போகிறது என்று கேளுங்கள். பேருந்து இல்லாத சேரியிலிருந்து முதியோர் உதவித்தொகை வாங்கப் போகும் பாட்டிக்கு அது தூரம் மட்டுமல்ல.

1969இல் 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமையான பிறகே கிளைகள் பெருமளவில் கிராமங்களுக்கு வந்தன. கூலி கொடுக்கும் நிலக்காரரிடமே வட்டிக்கும் கைநீட்டிய மக்களுக்கு இன்னொரு கதவு திறந்தது. அந்தக் கதவைத்தான் இப்போது தள்ளி வைக்கிறார்கள்.

வங்கி நினைத்தால் மட்டும் போதாது. ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, கிராமப்புறக் கிளையை மூடவோ இடம் மாற்றவோ மாவட்ட ஆலோசனைக் குழு அல்லது மாவட்ட ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆலோசனைக் குழுவின் தலைவர் ஆட்சியர். மற்றவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், வங்கியாளர்கள். சேரியின் மகளிர் குழுவுக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஆகவே, அந்தக் கூட்டத்துக்கு முன்பே கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆட்சியருக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் அனுப்புங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, யார் தெரு வழியாக என்பதும் கோப்பில் ஏறட்டும்.