குதிரைகளும் மின்விலாங்கும்: மாநாட்டுத் தலைமை உரை



மீன்களின் மின்சக்தியைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இம்மகாசபைக்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை, என்னைக் காட்டிலும் இத்துறையில் அதிகம் உழைத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் எனக்கு அளித்த நிர்வாகக் குழுவினருக்கு நன்றி கூறும்போதே, என்ன பேசி உங்களைத் திருப்தி செய்யப் போகிறேனோ என்ற கலக்கமும் எனக்கு இல்லாமல் இல்லை.

மாநாட்டின் பொருளை விஸ்தரிக்கத் தேவையில்லை. மின்விலாங்கின் உடலில், தசையிலிருந்து உருமாறிய உயிரணுக்கள் தனித்தனியே ஏறத்தாழ 0.15 வோல்ட் மட்டுமே தருவதும், ஆயிரக்கணக்கில் வரிசையாய் நிற்கும் அவை மூளையின் ஆணைக்கு ஏக காலத்தில் இணங்கும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் பிறப்பதும், சாக்ஸ் உறுப்பு என்னும் மின்னுறுப்பின் மெல்லிய துடிப்புகள் கலங்கல் நீரில் வழியறிய உதவுவதும் உங்களுக்குப் பாலபாடம். ஒரே இனமென்று நாம் எண்ணியிருந்த மின்விலாங்கை 2019இல் மூன்றாகப் பிரித்ததையும், அவற்றுள் வோல்ட்டாவின் பெயர் தாங்கியது 860 வோல்ட் வரை காட்டியதையும் பிற்பகல் அமர்வில் பேசுவோர் என்னினும் நன்றாக விளக்குவார்கள்.

என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது வேறொரு விஷயம். 1800 மார்ச்சில், வெனிசுவேலாவின் காலபோசோ நகரருகே, அவ்வூர்ப் பழங்குடியினர் முப்பது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஒரு குட்டைக்குள் விரட்டியதையும், சேற்றிலிருந்து கிளம்பிய மின்விலாங்குகள் அவற்றின் வயிற்றோடு உடலை அழுத்தி அதிர்ச்சி பாய்ச்சியதையும், முதல் ஐந்து நிமிஷங்களுக்குள் இரண்டு குதிரைகள் மூழ்கி மாண்டதையும், இறுதியில் சோர்ந்துபோன மீன்களைக் கயிறு கட்டிய ஈட்டிகளால் பிடித்ததையும் அங்கே யாத்திரை சென்றிருந்த இயற்கை விஞ்ஞானி ஹம்போல்ட் பிரத்தியட்சமாகக் கண்டு எழுதிவைத்தார். அந்தச் சாட்சியத்தை நம்மவர் பலர் யாத்திரிகரின் கற்பனை என்று தள்ளினார்கள். சேற்றில் ஒளியக்கூடிய மீன், தின்ன முடியாத பெரும் பிராணியை வலிய வந்து தாக்குவானேன் என்பது அவர்கள் கேள்வி. முன்னொரு மாநாட்டில் இக்கேள்வியை மிக அழகாக எழுப்பிய நண்பர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அன்று நான் மௌனமாக இருந்தது உடன்பட்டதனால் அன்று, கையில் பரிசோதனை இல்லாததனால்.

2016இல் அது கிடைத்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென்னத் கட்டானியா, தொட்டியில் உலோக விளிம்புள்ள வலையை இறக்கியபோது விலாங்குகள் ஓடாமல் நீரைவிட்டு எழும்பி அதன்மேல் மோவாயை அழுத்தக் கண்டார். நீரில் பரவி வீணாகும் மின்சாரம், மீன் மேலே எழ எழ, தொட்ட பொருளின் வழியே அதிகமாகப் பாய்கிறது என்பதை அளந்து காட்டினார். மறு ஆண்டு தம் கையையே ஒரு சிறு மீனுக்கு நீட்டியும் அளந்தார். ஆகவே ஒளிவிடம் இல்லாதபோது பாய்ந்து தாக்குவது அதன் சுபாவமே.

இதனால் ஹம்போல்ட் காப்பாற்றப்பட்டார் என்று பலர் மகிழ்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. மார்ச் மாதம் அந்தச் சமவெளியில் கோடை; குட்டைகள் வற்றிச் சுருங்கி, மீனுக்குப் போக்கிடம் இல்லாத காலம். மாதத்தையும் இடத்தையும் அவரே எழுதியிருக்க, நிறைந்த தொட்டியில் மீன் வளர்த்த நாம் அதைக் கவனியாமல் போனது ஆதாரக் குறைவன்று, வாசிப்புக் குறைவு. மேலும், குதிரைகளை விரட்டியவர் ஹம்போல்ட் அல்லர். அடுத்தடுத்து அதிர்ச்சி பாய்ச்சிய மீன் சக்தி இழக்கும், நன்கு உலர்ந்த கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் அதிர்ச்சி கைக்கு ஏறாது என்பனவற்றை அறிந்து தொழில் செய்தவர்கள் அந்தப் பழங்குடியினர். புத்தம்புதிதாய்ப் பிடித்த மீனின்மேல் இரு கால்களையும் வைத்து, நாள் முழுவதும் முழங்கால் வலியால் அவதிப்பட்டவரோ நம் சாஸ்திர நிபுணர்தான்!

பரிசோதனை நிரூபித்தது பாய்ச்சலை மட்டுமே. மாண்ட குதிரைகளின் எண்ணிக்கையைச் சந்தேகிக்க என் நண்பருக்கு இன்னும் பூரண உரிமை உண்டு. மற்றதை அவர் விட்டுக்கொடுப்பதே நியாயம்.

இம்மாநாட்டு வியாசங்கள் அச்சேறும்போது, காலபோசோ நிகழ்ச்சியைக் குறிப்பிடும் ஆசிரியர்கள் ‘கட்டுக்கதை’ என்ற அடைமொழியை நீக்கி, அந்த மீன்பிடிப்போரின் அறிவையும் ஆதாரமாகச் சேர்த்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.