இயற்கை உரமும் நாயின் மூக்கும்

மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள், நாய் பூனை வளர்ப்பவர்கள் எல்லாருக்குமான பேச்சு இது. இரண்டும் வைத்திருப்பவர்கள் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

நான் கால்நடை மருத்துவர். நாய் வாந்தி எடுக்கிறது என்று யார் வந்தாலும் முதலில், "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்பேன். "தயிர்சாதம்தான் டாக்டர், வெளியில விடறதே இல்ல" என்பார்கள். அடுத்து, "வீட்டில தோட்டம் இருக்கா?" என்பேன். "இருக்கு டாக்டர், ஆனா மருந்தே அடிக்கிறதில்ல. எல்லாம் இயற்கை உரம்தான்." இதைக் கேட்டால் பலருக்கு நிம்மதி வரும். எனக்குக் கவலைதான் வரும்.

காரணம், ஆமணக்குப் புண்ணாக்கு. கொங்குப் பக்கத்தில் கொட்டமுத்துப் புண்ணாக்கு என்பார்கள். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் தழைச்சத்துக்காக வைக்கிறோம். ஆமணக்கு முத்தில் ரிசின் என்றொரு நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. அதனால் முத்தை ஆட்டும்போது விளக்கெண்ணெய் தனியே போய்விடும், நஞ்சு சக்கையிலேயே தங்கிவிடும். நன்றாக வேகவைத்தால் அதன் வீரியம் போகும். ஆனால் கடையில் வாங்கி வருகிற பொட்டலம் போதுமான அளவு வெந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ரிசின் எப்பேர்ப்பட்டது தெரியுமா? 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே, பேருந்துக்காக நின்ற கியார்கி மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரின் தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. நான்காம் நாள் இறந்துபோனார். குண்டூசித் தலை அளவுள்ள உலோகக் குண்டு ஒன்றை உடலிலிருந்து எடுத்தார்கள். அதில் வைத்திருந்தது ரிசின் என்றே கருதப்படுகிறது. அவரும் நம்மைப்போல வானொலியில் பேசியவர்தான். அந்தச் சரக்கைத்தான் நாம் கிலோக்கணக்கில் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே சாக்கில் வைத்திருக்கிறோம்.

சரி, அதை நாய் ஏன் தின்ன வேண்டும்? எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் மோப்பம் பிடிக்கும்போது அதன் மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்னப் பிளவு தெரியும். உள்ளே இழுக்கும் காற்று முன்பக்கமாக நுழைகிறது, வெளிவிடும் மூச்சு அந்தப் பிளவு வழியாக வெளியேறுகிறது. அதனால் பிடித்த வாசனை கலைவதில்லை. நமக்கு நாலு விரல் மண்ணுக்கடியில் புதைந்துபோன உரம், அந்த மூக்குக்கு இலை போட்டுப் பரிமாறிய விருந்து. அதிலும் எலும்புத்தூளைச் சேர்த்துக் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரோஜாவுக்கு நல்லதுதான். ஆனால் நாயை "வா வா" என்று கூப்பிடுவதும் அந்த எலும்புத்தூள்தான்.

ஒரு லாப்ரடாரைக் கொண்டுவந்தார்கள். ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது, நிற்க முடியவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். பல்லிடுக்கில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, மீசையிலும் மண். "முந்தாநாள் தொட்டியத் தோண்டினான், மண்ணுதானேன்னு விட்டுட்டோம்" என்றார் வீட்டுக்காரர். கூட வந்த பாட்டி மகனைத் திரும்பிப் பார்த்து, "கொட்டமுத்துப் புண்ணாக்கையா வச்சே? அத மாட்டுக்கே வைக்க மாட்டோமேடா!" என்றார். எனக்கு வேண்டிய விவரம் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது. டிரிப் ஏற்றி, பல நாள் போராடிப் பிழைக்க வைத்தோம். எல்லா நாய்க்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ரிசினுக்கு முறிவு மருந்து கிடையாது. அதோடு, தின்ற உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும், வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கொண்டுவந்தால் வயிற்றைக் கழுவவாவது முடியும்.

நேரம் ஓடுகிறது. மற்ற நஞ்சுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குருணையாக வரும் பூச்சிமருந்தில் ஃபோரேட் என்பதை 2020 டிசம்பர் இறுதியோடு இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய டப்பா பரணில் கிடக்கலாம், பார்த்துவிடுங்கள். குருணையை மிதித்த பூனை தன் பாதத்தை நக்கினாலே ஆபத்து. எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு வில்லையைத் தின்றாலும் நடுக்கமும் கடுமையான காய்ச்சலும் வரும். எலி மருந்தில் கறுப்புப் பொடியாக வருகிற துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். அதைத் தின்ற நாய் வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு நீங்களும் விலகி நில்லுங்கள். கேக்குத் துண்டாக வருகிற புரோமாடியலோன் வேறு ரகம். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் உடம்புக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். ஆனால் அதற்கு வைட்டமின் கே ஊசி இருக்கிறது. நேரத்தோடு வந்தால் காப்பாற்றலாம்.

தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே தனி விஷமாகிவிடும். பாலும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். அந்தப் பொட்டலத்தையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போங்கள். "என்ன விஷம்" என்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

உரத்தை மூடி போட்ட வாளியில், உயரத்தில் வையுங்கள். நாய் இருக்கிற வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கே வேண்டாம் என்பது என் கட்சி. மக்கிய சாணமும் மண்புழு உரமும் போட்டாலே ரோஜா பூக்கும். இதைக் கேட்டுவிட்டு இன்று யாராவது ஒருவர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சாக்கைத் தூக்கி உயரத்தில் வைத்தாலும் எனக்குப் போதும்.