கயிறு யார் கையில்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணி விசுவாசம் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அறிவுரை சொல்லும் தகுதி அதனால் மட்டும் வந்துவிடாது. ஆனால் நான் தவறிய ஒரு நாளைப் பற்றிச் சொல்ல முடியும். உங்களுக்கு அது பயன்படலாம். அதற்கு முன் எங்கள் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்று பெயர். கொற்கை காலத்திலிருந்தே இந்தக் கரையின் பெயரோடு முத்தும் சேர்ந்தே வருகிறது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் குளித்த பெரியவர் ஒருவர் இருந்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். குளிப்பவர் கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு எட்டிய சிப்பியைக் கூடையில் போடுவார். கயிறு ஒன்று மேலே தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது கீழிருந்து கயிற்றைச் சுண்டுவார். சுண்டியதும் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும்.

"தாத்தா, கயித்த யாரு பிடிப்பா?" என்று கேட்டோம்.

"பொண்டாட்டி கூடப் பொறந்தவன் தாம்லே. மச்சினன். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா, விடமாட்டான்" என்றார்.

எங்கள் கரையில் இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மச்சினன் சம்பளத்துக்காக மட்டும் கயிறு பிடிப்பதில்லை. கீழே இருப்பவரின் மூச்சு தன் கையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். விசுவாசம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். நன்றாகப் படிக்கிற மாணவன் ஒருவன், பதினைந்து வயது. அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவான். வளாகத்துக்குள் வண்டி கொண்டுவரக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் சற்றுத் தள்ளி இருந்த டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவான். காலையில் அதே கடையில்தான் நான் டீ குடிப்பேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். கேட்டுக்கு வெளியே நடப்பது என் வேலையில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கும் மேல் இப்படியே போனது.

ஒரு நாள் காலை அவன் வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அப்படியே குறித்தேன். பதினோரு மணி வாக்கில் செய்தி வந்தது. விடியுமுன் உப்பளத்துக்குப் போய் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை, சாலையோரத்தில் ஒரு பைக் மோதித் தள்ளிவிட்டது. வண்டியில் இரண்டு பையன்கள், சீருடையில். மோதியவர்கள் நிற்கவில்லை.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநர்தான் வண்டியை ஓரம் கட்டினார். 108-க்கு அழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை தன் துண்டை விரித்துப் பாட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். சரக்கு உரிய நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் போகவில்லை. அன்றைய படி போயிற்று, முதலாளியிடம் ஏச்சும் வாங்கினார். பிறகு ஒரு நாள் அவரைச் சந்தித்தபோது இதைப் பற்றிக் கேட்டேன். "கப்பல் இன்னைக்குப் போனா நாளைக்கு வேற வரும் சார். அந்த ஆத்தா போனா வருமா?" என்றார்.

பள்ளியில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அவன் காலையில கிளாஸ்ல இருந்தான்னு போட்டுருங்க சார். பையன் வாழ்க்கை இருக்கு, பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கு. நீங்க இந்தப் பள்ளிக்கு விசுவாசமான ஆளு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அந்தப் பையனுக்காகவும் பள்ளிக்காகவும்தான் கவலைப்பட்டார்.

பேனாவைத் திறந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே மையில் குறித்தாயிற்று. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். என் பெயரின் இரண்டு எழுத்துகள் அங்கே இருக்கும். கை நின்றுவிட்டது. என்னைத் தடுத்தது மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தடுத்தது அந்தச் சுருக்கொப்பம். பதிவேடுகளையும் விதிகளையும் நாம் அலுத்துக்கொள்கிறோம். மனிதன் தடுமாறும் நேரத்தில் சில சமயம் அவைதான் கையைப் பிடிக்கின்றன.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். புறக்கடையில் உட்கார்ந்திருந்தான், சாப்பிடவில்லை. அவன் அப்பாவிடம் பேசினேன். மூவருமாகக் காவல் நிலையத்துக்கு நடந்தோம். போகிற வழியில் அவன் ஒன்று சொன்னான்.

"டீக்கடையில நீங்க தெனமும் பாத்தீங்கல்லா சார். ஒருநாள் கூட ஒண்ணும் சொல்லலியே சார்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவன் சொல்லவில்லை. ஆனாலும் முப்பத்தோரு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் அதற்கு மேல் என்னை உலுக்கியது எதுவும் இல்லை. கயிறு என் கையில் இருந்திருக்கிறது. ஒரு மாதமாக அவன் சுண்டிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

விசுவாசம் என்று அந்த மூத்தவர் சொன்னாரே, அது யாருக்குச் செலுத்த வேண்டியது? இந்த ஊருக்கு அது பழைய கேள்வி. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரி இறுதியில் இதே ஊரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். வெள்ளைக்கார முதலாளிகளின் பார்வையில் அந்தத் தொழிலாளர்கள் விசுவாசம் இல்லாதவர்கள். ஆனால் அவர்கள் கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும்தான். நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானபோது அதே தொழிலாளர்கள் மீண்டும் வேலைக்குப் போக மறுத்தார்கள். தங்களுக்காக நின்றவருக்கு அவர்கள் காட்டிய விசுவாசம் அது. யாரும் கட்டளையிட்டு அதைப் பெற்றிருக்க முடியாது. தலைமை ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கும் இதில் செய்தி உண்டு. உண்மையை எழுதும் ஆசிரியருக்குத் துணை நில்லுங்கள். பள்ளியின் பெயர் தானாக நிற்கும்.

இன்னொருவரை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் முடிக்க முடியாது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது முறப்பநாடு. அங்கே கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் லூர்து பிரான்சிஸ். ஆற்று மணல் திருட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று, தன் அலுவலகத்தில் பணியில் இருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கிராம நிர்வாக அலுவலரின் நாற்காலி பெரிய அதிகாரம் உள்ள நாற்காலி அல்ல. பார்த்தும் பார்க்காததுபோல் அவர் இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆறு அவருடைய சொத்து இல்லை. ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் சார்பில் கயிறு தன் கையில் இருப்பதாக அவர் நினைத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு டீக்கடை நினைவுதான் வந்தது. அவருக்கு முன்னே அரிவாள் இருந்தது, பேசினார். எனக்கு முன்னே ஒரு டீ டம்ளர்தான் இருந்தது, பேசவில்லை.

குற்றம் என்றால் எங்கோ இருட்டில் ரவுடிகள் செய்வது என்று நினைக்கிறோம். அது வளர்வதற்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் நல்லவர்கள்தான். பார்த்தவர் பேசாமல் இருக்கிறார். கணக்கு எழுதுகிறவர் மாற்றி எழுதுகிறார். 'நமக்கேன் வம்பு' என்று பக்கத்தில் இருப்பவர் ஒதுங்குகிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மணல் லாரி ராத்திரி தைரியமாகப் போகும். பதினைந்து வயதுப் பையன் பகலிலேயே தைரியமாக வண்டி ஓட்டுவான்.

சாலைக்கு வருவோம். 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் மட்டும் நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தக் கடைசி எண் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. தவறு செய்யாதே என்று நாம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கிறோம். தவறு நடந்துவிட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே இல்லை. என் மாணவன் ஓடியதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. பயம். நிற்க வேண்டும், அடிபட்டவரைத் தூக்க வேண்டும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையாகவே சொல்கிறது. அதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சிறிய தவறுகளை ஒப்புக்கொண்டபோது வகுப்பில் நாம் அடித்தோமா, அவமானப்படுத்தினோமா? அப்படியானால் ஓடுவதற்கு நாமே பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

அதனால் மூன்று வேலைகளை உங்களிடம் கேட்கிறேன். நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

முதலாவது, பள்ளிக்கு அருகில் மாணவர்கள் வண்டி நிறுத்தும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை ஐந்து நிமிடம் அங்கே நில்லுங்கள். திட்ட வேண்டாம். பெயரைக் கேளுங்கள், அன்று மாலையே பெற்றோரிடம் பேசுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199அ பிரிவை அவர்களுக்குச் சொல்லுங்கள். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. என் மாணவன் காலத்தில் சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. பல பெற்றோருக்கு இன்றும் இது தெரியாது.

இரண்டாவது, 108-க்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடம், அருகில் என்ன அடையாளம், எத்தனை பேருக்கு அடி என்று பிள்ளைகள் சொல்லிப் பழகட்டும். உதவுகிறவர்களைச் சட்டம் காக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் மீது வழக்கு வராது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு அரசு வரையறுத்த அளவில் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. 'பணம் யார் கட்டுவது' என்று தயங்கி யாரும் நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உண்மையை ஒப்புக்கொள்ளும் பிள்ளையை ஒரு முறையாவது வகுப்பு பார்க்கும்படி பாராட்டுங்கள். கண்ணாடியை உடைத்தவன் 'நான்தான் சார்' என்று எழுந்தால், உடைந்த கண்ணாடியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அந்தப் பாட்டி பிழைத்தார். இடுப்பு எலும்பு முறிந்ததால் அளத்து வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நானும் அந்த மாணவனும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அவன் பேச முடியாமல் அழுதான். "சரி விடு மக்கா, வந்தேல்லா" என்று அவன் தலையில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவனுக்கு வாத்தியாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால், தயங்காமல் ஆமாம் என்று சொல்லும் நிலை உங்களுக்கு வாய்க்கட்டும்.