சொல்லுக்கு உற்ற துணை



கவியரங்கின் இனிமை கலையாத நேரத்தில், ஆங்கில ஆய்வெழுத்தில் சொல்லும் சொல்லும் இணையும் முறை பற்றிப் பேச எழுந்துள்ளேன். தமிழ் கற்பிப்பவளுக்கு இதில் என்ன வேலை எனலாம். தமிழ் ஆய்வேடுகளுக்கும் ஆங்கிலச் சுருக்கம் கேட்கும் காலம் இது. அவற்றைத் திருத்தும்போது என்னை மிகுதியும் தடுத்து நிறுத்துவது இலக்கணப் பிழையன்று. சொல்லுக்குத் தவறான துணை வாய்த்துவிடுவதே.

ஒரு சொல்லை அதனோடு புழங்கும் சொற்களால் அறியலாம் என்னும் கருத்தை 1957-இல் வலியுறுத்தியவர் இலண்டன் மொழியியலறிஞர் ஃபர்த். அவர் 'கொலொக்கேஷன்' என்றதை நாம் சொல்லிணை என்போம். 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டும் வலிமையையே குறிக்கும். ஆயினும் ஆங்கிலேயருக்குத் தேநீர் ஸ்ட்ராங், காரோ பவர்ஃபுல். மாற்றிச் சொன்னால் இலக்கணம் தடுக்காது, செவி தடுக்கும். வாதம் மட்டும் இரண்டையும் ஏற்கும் என்பதை ஹாலிடே 1966-இல் எடுத்துக்காட்டினார்.

நம் மாணவர் இடறும் இடத்துக்கு வருவோம். தமிழில் 'முடிவு' என்னும் ஒரே சொல் டிசிஷனுக்கும் கன்குளூஷனுக்கும் ரிசல்ட்டுக்கும் நிற்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மேக்' அல்லது 'டேக்', இரண்டாவதற்கு 'டிரா', மூன்றாவதற்கு 'அப்டெய்ன்' என வினைகள் பிரிந்து நிற்கின்றன. முடிவெடுத்துப் பழகிய மாணவர் 'டேக் எ கன்குளூஷன்' என்று எழுதிவிடுகிறார். இது சிரித்துத் திருத்திவிடக்கூடிய பிழை.

பொருளையே கவிழ்க்கும் பிழையும் உண்டு. பழைய உரையாசிரியர் ஒருவர் கொண்ட பாடத்துக்கு விளக்கம் நாடியதாகச் சொல்ல விரும்பிய மாணவி ஒருத்தி, 'ரைஸ் டவுட்ஸ்' என்று எழுதியிருந்தாள். ஆங்கில வாசகர் அதை எப்படிப் படிப்பார்? அப்பாடம் நம்பத்தகாதது என்று அவள் மறுப்பதாகவே கொள்வார். போற்ற வந்தவளை இரண்டு சொற்கள் எதிரணியில் நிறுத்திவிட்டன.

'சிக்னிஃபிகன்ட் டிஃபரன்ஸ்' என்னும் இணையும் அத்தகையதே. பெரிய வேறுபாடு என்னும் பொதுப்பொருளில் நாம் அதை அள்ளி வீசுகிறோம். புள்ளியியல் பயிலும் துறைகளிலோ, வெறும் தற்செயலால் அவ்வளவு வேறுபாடு தோன்றுவது அரிது என ஒரு சோதனை காட்டியது என்பது அதன் பொருள். சோதனையே செய்யாதவர் அதை எழுதினால், செய்யாததைச் செய்ததாகச் சொன்னவர் ஆகிறார்.

'கிரிட்டிக்கல்' என்னும் அடைமொழியைப் பாருங்கள். நோயாளியின் நிலைக்கு முன் வந்தால் உயிர் ஊசலாடுகிறது. இயற்பியலில் வெப்பநிலைக்கு முன் வந்தால் மாறுநிலை. கட்டுரைக்கு முன் வந்தால் திறனாய்வு. பதிப்புக்கு முன் வந்தால்? புணே பண்டார்க்கர் நிறுவனத்தில் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுற்ற மகாபாரதப் பதிப்பு 'கிரிட்டிக்கல் எடிஷன்' எனப்படும். சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் தெரிந்த செம்பதிப்பு அது. இதை 'விமரிசனப் பதிப்பு' என்று பெயர்த்தால் அரை நூற்றாண்டு உழைப்பு ஒரு மதிப்புரையாகச் சுருங்கிவிடும்!

2013-இல் அக்கர்மன், சென் என்னும் இருவர், 2,469 ஆய்வுச் சொல்லிணைகளைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிட்டனர். பயனுள்ளதுதான். ஆனால் பட்டியலை உருப்போட்டு எழுதும் எழுத்தும் பெருகியுள்ளது. எதைத் தொட்டாலும் அது 'முக்கியப் பங்கு வகிக்கிறது'. ஆங்கில இணையின் இந்த நிழல் தமிழ்க் கட்டுரைகளிலும் படிந்து அலுப்பூட்டுகிறது.

கவிஞர்கள் உள்ளுக்குள் நகைப்பது தெரிகிறது. பழகிய இணையைப் பிரித்து, பழகாத சொல்லோடு மணம் முடிப்பது உங்கள் தொழில். ஆய்வாளனுக்கு அவ்வுரிமை சிறிது. அவன் கையாளும் இணையைத் துறையார் அனைவரும் ஒரே பொருளில் கொள்ள வேண்டும். எனவே என் மாணவர்களிடம் நான் கேட்பது எளிய பயிற்சி. ஒரு பெயர்ச்சொல்லை எழுதுங்கள். தத்தம் துறையின் நல்ல கட்டுரைகள் பத்தில் அதனோடு வரும் வினையையும் அடையையும் பக்கத்தில் குறித்து வாருங்கள். அகராதியை அதன் பின்னர்த் திறக்கலாம்.